ஏழாம் நாளின் மூன்றாவது நிகழ்ச்சி

"ஒரு பதிவைத் திருத்தக் கோருவோர், அது பக்கத்தில் எத்தனையாவது வரி என்று குறிப்பிடக்கூடாது, அந்தப் பதிவுக்கு உரிய எண்ணையே குறிப்பிட வேண்டும்." நான் வேலை பார்த்த அலுவலகத்தின் நடைமுறைக் கையேட்டில் இருந்த விதி இது. எழுதியவன் நான் என்பதால் அதன் நடையைப் பற்றிப் பேசுவது முறையாகாது. காரணத்தை மட்டும் சொல்கிறேன். வரிகள் இடம் மாறும். மேலே ஒன்றைச் செருகினால் கீழே இருப்பவை எல்லாம் ஒரு படி இறங்கிவிடும். மூன்றாவது வரியில் இருப்பவரைத் திருத்துங்கள் என்று காலையில் ஒருவர் எழுதிக் கொடுத்தால், மாலைக்குள் மூன்றாவது வரியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார். எண் அப்படியில்லை. அது ஆளோடு கூடவே போகும்.

ஓய்வு பெற்ற பிறகு இந்த விதிக்கு வேலை இருக்காது என்று நினைத்திருந்தேன். எங்கள் சங்கத்தின் நவராத்திரி அந்த நினைப்பைத் திருத்தியது.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சங்க மண்டபம் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே கொலு வைத்து, ஒன்பது மாலையும் கலை நிகழ்ச்சிகள் நடத்துவோம். முன்பெல்லாம் நிகழ்ச்சி நிரலைத் தாளில் எழுதிப் படிக்கட்டு அருகே ஒட்டுவார்கள். யாராவது வர முடியாது என்றால் பேனாவால் அடித்து மேலே எழுதுவார்கள். மூன்றாம் நாள் ஆவதற்குள் அந்தத் தாளைப் படிக்க ஒரு தனித் திறமை தேவைப்படும். இந்த அவலத்துக்கு முடிவு கட்டுவதாகச் சொல்லிப் பொருளாளர் ஒரு கைப்பேசிச் செயலி செய்தார். அவர் நாற்பதைத் தாண்டிய பெண்மணி. ஒரு நிறுவனத்தில் மென்பொருள் பிரிவை நடத்துகிறார். மாதத்தில் பாதி விமானத்தில் இருப்பார், மீதி கூட்டத்தில் இருப்பார்.

அவர் அமைத்த முறையில் குறை சொல்வதற்கு அதிகம் இல்லை. ஒரு நாளுக்கு ஓர் ஆவணம். அதற்குள் அன்றைய நிகழ்ச்சிகள் ஒரு வரிசையாக நிற்கும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கலைஞர், தலைப்பு, நேரம் என்று மூன்று விவரங்கள். எதையாவது மாற்ற வேண்டுமென்றால், வினவல் மொழி என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒரு கட்டளை எழுதி அனுப்ப வேண்டும்: எந்த நாள், வரிசையில் எந்த இடம், அந்த இடத்தில் இனி என்ன இருக்க வேண்டும். அனுப்பிய கணமே எல்லாருடைய கைப்பேசியிலும் மாறிவிடும்.

'எந்த இடம்' என்ற சொல்லைக் கேட்டதும் நான் கையைத் தூக்கினேன்.

"ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனி எண் இருக்கணும்மா. இடத்தை வச்சுத் திருத்தினா ஒருநாள் தப்பா போகும்."

"ஐடி உள்ளுக்குள்ள இருக்கு சார். வெளிய எடுத்துக் குடுக்க டைம் இல்ல. நவராத்திரி முடியட்டும், செஞ்சு தர்றேன்."

"முடிஞ்ச பிறகு எதுக்கு?"

"அடுத்த நவராத்திரிக்கு சார்."

என் ஆட்சேபம் கூட்டக் குறிப்பில் ஏற்றப்பட்டது. ஏற்றச் சொன்னதும் நான்தான். அதற்குத் தண்டனையாக, திருத்தங்கள் செய்யும் பொறுப்பைத் தலைவர் என்னிடமே கொடுத்தார். தலைவர் பல் மருத்துவர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி பேச முடியாமல் கிடப்பதைப் பார்த்தே பழகியவர். யாருடைய மறுப்பும் அவர் காதில் முழுதாக விழுவதில்லை. "அண்ணே, ரூல்ஸ் பாத்துச் செய்ய உங்கள விட்டா ஆள் இல்ல" என்றார்.

ஏற்றுக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு. திருத்துபவர் ஒருவர், புதிதாகச் சேர்ப்பவர் வேறொருவர் என்று இருக்க வேண்டும். அதிகாரம் ஒரே கையில் இருக்கக்கூடாது அல்லவா? எனவே திருத்தும் உரிமை எனக்கு, சேர்க்கும் உரிமை பொருளாளருக்கு மட்டும், நீக்கும் உரிமை தலைவருக்கு. எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த நிபந்தனைதான் பிறகு என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் என்று அப்போது தெரியாது.

பொருளாளர் எழுதிக் கொடுத்த வழிகாட்டியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். சங்கத்தில் வேறு யாரும் அதைத் திறந்ததாகத் தெரியவில்லை. இடங்களைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ண வேண்டும் என்று அதில் இருந்தது. முதல் நிகழ்ச்சியின் இடம் பூஜ்ஜியம், இரண்டாவதன் இடம் ஒன்று, மூன்றாவதன் இடம் இரண்டு. கணினிக்காரர்கள் வழக்கமாம். எனக்கென்ன, எந்த வழக்கமாக இருந்தாலும் எழுதி வைத்துவிட்டால் போதும்.

இனி என் மனைவி. நாங்கள் இருப்பது புக்கிட் பாத்தோக்கில். அவள் பூகோள ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுடைய தோழி பாசிர் ரிஸ்ஸில் இருக்கிறார், மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தீவின் இரண்டு கோடியிலும் இருந்துகொண்டு இந்த இருவருக்கும் வில்லுப்பாட்டு ஆசை வந்தது. நாகர்கோவில் போன தோழி மணி கட்டிய வில்லையும் குடத்தையும் வாங்கி வந்தார். விமான நிலையத்தில் அதிகாரி வில்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து இது ஆயுதமா என்று கேட்க, "எங்க பாட்டைக் கேட்டா அப்படித்தான் தோணும்" என்று பதில் சொன்னாராம். ஓராண்டாக ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபத்தில் பயிற்சி. மனைவி வில்லடித்துக் கதை சொல்வாள். தோழி குடம் தட்டி 'ஆமா' போட்டுக் குறுக்குக் கேள்வி கேட்பார்.

அவர்களுக்குக் கிடைத்தது ஏழாம் நாள். கிடைத்தது என்பதைவிட, அதை விட்டால் நாளே இல்லை. தோழியின் மகள் பெர்த்தில் இருக்கிறாள், நிறைமாதம். எட்டாம் நாள் காலை விமானம். எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டால், "பேரப்புள்ள காலேஜ் போனதும்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் பாசிர் ரிஸ் வீட்டை வாடகைக்கு விட ஏற்பாடு செய்துவிட்டார் என்று மனைவிக்குத் தெரியும். இந்த ஏழாம் நாள் போனால் அந்தக் குடமும் வில்லும் ஒரே மேடையில் இருப்பது சந்தேகம்தான்.

நவராத்திரி தொடங்குவதற்குச் சில நாள் முன்பு மனைவி ஒரு கோரிக்கை வைத்தாள்.

"எங்க டைட்டில மாத்தணும். 'மகிஷாசுரன் கதை'ன்னு போட்டிருக்கு. பழைய கதைதானேன்னு எல்லாரும் கீழ போய் தேத்தண்ணி குடிப்பாங்க."

"புதுத் தலைப்பு?"

"மகிஷன் மின்தூக்கியில் மாட்டிய கதை."

"எழுத்து மூலம் கோரிக்கை வேண்டும்."

"சாப்பாடு வேண்டுமா?"

கோரிக்கை வாய்மொழியாகவே ஏற்கப்பட்டது. செயலியைத் திறந்து ஏழாம் நாளைப் பார்த்தேன். முதலில் இறை வணக்கம், இரண்டாவது வீணை, மூன்றாவது வில்லுப்பாட்டு, அதன் பிறகு நடனம். மூன்றாவதன் இடம் இரண்டு. கலைஞர், புதிய தலைப்பு, நேரம் எல்லாவற்றையும் எழுதி, நாள் ஏழு, இடம் இரண்டு என்று கட்டளை அனுப்பினேன். 'வெற்றி' என்று பதில் வந்தது. கணினி வெற்றி என்று சொன்னால் அது தன் வெற்றியைத்தான் சொல்கிறது என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை வீணை ஆசிரியை தொலைபேசியில் அழைத்தார். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு ஸ்வரம் சொல்லிக் கொடுத்தவர், கண்டிப்பானவர்.

"சார், ஏழாம் நாள் நான் வீணை வாசிக்கறேனா, இல்ல லிஃப்ட்ல மாட்டறேனா?"

பார்த்தேன். இரண்டாவது நிகழ்ச்சி 'மகிஷன் மின்தூக்கியில் மாட்டிய கதை'. மூன்றாவது நிகழ்ச்சி பழைய 'மகிஷாசுரன் கதை'. மகிஷன் அடுத்தடுத்து இருமுறை வந்துகொண்டிருந்தான். வீணையைக் காணோம்.

திரையில் தெரிவதை நம்பிப் பயனில்லை என்று ஏழாம் நாளின் மூல ஆவணத்தை அப்படியே கேட்டு வாங்கினேன். வரிசையைத் திறந்தால் பூஜ்ஜிய இடத்தில் ஒரே ஓர் எழுத்து உட்கார்ந்திருந்தது: உ.

நடந்தது இதுதான். வழிகாட்டி எழுதி முடித்த பிறகு ஒரு கூட்டத்தில் தலைவர், "எல்லா நாளுக்கும் மேல பிள்ளையார் சுழி இல்லாம எப்படிம்மா?" என்று கேட்டிருக்கிறார். பொருளாளர் பக்தியுள்ளவர், அவசரத்திலும் இருந்தவர். ஒவ்வொரு வரிசையிலும் முதல் ஆளாக 'உ'வைச் சேர்த்துவிட்டார். செயலி அதைத் தலைப்பில் ஓர் அலங்காரமாகக் காட்டியது, எண் போடவில்லை. நானும் நாள்தோறும் பார்த்தேன். பிள்ளையார் சுழி இருப்பதைப் பார்த்து எந்தத் தமிழன் சந்தேகப்படுவான்? இல்லாவிட்டால்தான் கேட்டிருப்பேன். பிள்ளையார் பூஜ்ஜியத்தில் அமர்ந்ததால் மற்ற எல்லாரும் ஒரு படி இறங்கியிருந்தார்கள். இடம் இரண்டு என்பது வீணை. உலகத்தில் எத்தனையோ தரவுத்தளங்கள் இருக்கின்றன. இந்தப் பிழையைச் செய்ய நம் ஆட்களால்தான் முடியும்.

சரி, சரிசெய்வது எளிது. இரண்டில் வீணையை மீண்டும் வைத்து, மூன்றில் தலைப்பை மாற்றினால் போதும். இரண்டு கட்டளைகளையும் எழுதி, சரிபார்த்து, இன்னொரு முறை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். என் இரண்டாவது சரிபார்ப்புக்குள் தலைவர் புகுந்துவிட்டார். ஒரே குழு இருமுறை இருப்பதைப் பார்த்தவர், ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவே, நல்லெண்ணத்தோடு 'நீக்கு' பொத்தானை அழுத்தினார். அந்தப் பொத்தான் இடத்தைப் பார்ப்பதில்லை, கலைஞர் பெயரைப் பார்க்கும். அந்தப் பெயர் எத்தனை இடத்தில் இருந்தாலும் அத்தனையையும் பிடுங்கிவிடும். புதிய மகிஷனும் போனான், பழைய மகிஷனும் போனான். இரண்டு இடம் காலியானதும், காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களுக்குச் செயலி தானாகவே அழைப்பு அனுப்பியது. ஓர் உறுமி மேளக் குழு மொத்த நேரத்தையும் எடுத்துக்கொண்டது. காலி இடத்தை நிரப்புவதில் மட்டும் அந்தச் செயலிக்கு அபார சுறுசுறுப்பு.

இப்போது திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. புதிதாகச் சேர்க்க வேண்டும். சேர்க்கும் உரிமை பொருளாளருக்கு மட்டும். அவரோ ஐரோப்பாவில் எங்கோ இருந்தார்.

மண்டபத்தில் தலைவரைப் பிடித்தேன். மனைவியும் கூட வந்திருந்தாள்.

"அண்ணே, ஏழாம் நாள் ஃபுல் ஆயிடுச்சு. ஆப்ல இல்லன்னா நான் எப்படி மேடை ஏத்தறது? மத்தவங்க கேப்பாங்கல்ல? எட்டாம் நாள் போட்டுடலாமா?"

"எட்டாம் நாள் அந்தம்மா ஆகாயத்துல இருப்பாங்க" என்றாள் மனைவி.

"அப்ப அவங்க பெர்த்ல இருந்து ஸூம்ல வரட்டுமே?"

"குடத்த ஸூம்ல தட்டவா? நீங்க பல்ல ஸூம்ல புடுங்குவீங்களா டாக்டர்?"

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் செய்ய வேண்டியதை முறைப்படி செய்தேன். பொருளாளருக்கு மின்னஞ்சல்: பொருள், பார்வை, நிகழ்ந்தது, கோருவது, இணைப்பு. மூல ஆவணத்தின் நகலில் 'உ'வைச் சிவப்பால் வட்டமிட்டு அனுப்பினேன். உடனே ஒரு தானியங்கிப் பதில் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். மீண்டும் அதே தானியங்கிப் பதில். கைப்பேசியில் அழைத்தால் எடுப்பாரில்லை.

நவராத்திரி தொடங்கிவிட்டது. தினமும் மண்டபத்துக்குப் போனோம், சுண்டல் தின்றோம், மற்றவர்கள் பாடியதைக் கேட்டோம். வீடு திரும்பும் வழியில் எம்ஆர்டி ரயிலில் மனைவி கேட்பாள்.

"பதில் வந்துச்சா?"

"தானியங்கிப் பதில் வந்திருக்கு."

"அது பதிலா?"

"கிடைத்ததுன்னு அர்த்தம்."

"நம்ம வாஷிங் மெஷினும்தான் வேலை முடிஞ்சதும் பாட்டுப் பாடுது. அதுகிட்ட கேட்டுப் பாக்கட்டுமா?"

ஐந்தாம் நாள் வரை பொறுத்தாள். ஆறாம் நாள் காலையில் கைப்பையை எடுத்து மாட்டினாள். "லிஸ்ட்ட நீங்க பாத்துக்குங்க. ஆள நான் பாத்துக்கறேன்."

உறுமிக் குழுவின் தலைவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர், முப்பது வயதிருக்கும், கழுத்து அகலத்துக்குத் தாடி. தேக்கா சந்தையின் உணவுக் கடைகளில் மதியம் சாப்பிட வருவார் என்று தெரிந்துகொண்டு, மனைவியும் தோழியும் அவர் எதிரில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நான் பக்கத்து நாற்காலியில்.

"தம்பி, நாளைக்கு எவ்வளவு நேரம் அடிக்கறீங்க?" என்று மனைவி ஆரம்பித்தாள்.

"அரை மணி நேரத்துக்கு மேல ஆன்ட்டி. திடீர்னு ஸ்லாட் ஓபன் ஆச்சு, டக்குனு புடிச்சுட்டோம் லா."

"விடாமலா அடிப்பீங்க?"

"எங்க ஆன்ட்டி! கை கழண்டுரும். கொஞ்சம் அடிச்சுட்டு பிரேக் எடுப்போம். உறுமிய சூடு காட்டணும், தோலு இழுக்கணும்."

"அந்த நேரத்துல சனங்க என்ன பண்ணுவாங்க?"

"ஃபோன் பாப்பாங்க."

"ஃபோனுக்குப் பதிலா எங்களப் பாக்கட்டுமே" என்றார் தோழி. "எனக்கு நாளன்னிக்குக் காலையில ஃபிளைட்டு தம்பி. ஒரு வருஷமா இந்தக் குடத்தத் தட்டறேன். பக்கத்து வீட்டுக்காரங்க மட்டும்தான் கேட்டிருக்காங்க, அதுவும் கோவமா."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "லிஃப்ட் கதை நீங்கதானா? ஒரு நாள் ஆப்ல பாத்தேன், மறுநாள் காணோம். ஆன்ட்டி, லிஃப்ட் நிக்கிறப்ப நாங்க ஒரு உறுமல் குடுக்கட்டுமா?"

"குடுங்க. ஆனா நான் சொன்ன பிறகு குடுக்கணும். முந்தக்கூடாது."

"டீச்சரா ஆன்ட்டி?"

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

மூவரும் பேசிக்கொண்டே போனார்கள். நான் சங்க விதிகளை மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்தேன். 'ஒரு குழு தன் நேரத்துக்குள் தனக்குத் தேவையான பக்கவாத்தியக் கலைஞர்களை அமர்த்திக்கொள்ளலாம். அவர்கள் பெயர் நிரலில் இடம்பெறத் தேவையில்லை.' இருந்தது, நன்றாகவே இருந்தது. சொன்னேன்.

"அப்ப நாங்க உறுமிக்குப் பக்கவாத்தியமா?" என்றாள் மனைவி.

"விதிப்படி."

"இத மொதநாளே சொல்லியிருக்கலாம்ல?"

"முதல் நாள் இவர் அனுமதி இல்லை."

வீணைக்கும் இதே வழிதான் என்று ஆசிரியையிடம் சொல்வது என் பொறுப்பாக விடப்பட்டது. "உறுமிக்கு வீணை பக்கவாத்தியமா சார்?" என்று கேட்டவர் மறுமுனையில் ஏதோ தாளைப் புரட்டினார். "எவ்வளவு நேரம் கிடைக்கும்?" என்றார் பிறகு.

ஏழாம் நாள் மண்டபம் நிறைந்திருந்தது. உறுமி முதலில் முழங்க, கொலுப் படியில் இருந்த செட்டியார் பொம்மை கொஞ்சம் நகர்ந்தது. ஓய்ந்ததும் வீணை. காது அடைத்துப் போயிருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அவ்வளவு அமைதியான சபை தமக்கு என்றும் வாய்த்ததில்லை என்று ஆசிரியை பிறகு சொன்னார். அப்புறம் மறுபடி உறுமி. அது நின்றபோது வில்லைத் தூக்கிக்கொண்டு இருவரும் நடுவில் வந்து உட்கார்ந்தார்கள்.

"அம்மன் குடியிருக்கறது பன்னெண்டாம் மாடி. சண்டைக்குப் போன மகிஷன் லிஃப்ட்டுக்குள்ள நொழஞ்சு பட்டன அமுக்கினான்" என்றாள் மனைவி.

"ஆமா, அமுக்கினான். ஏன், அசுரன்தானே, படியேறிப் போகக்கூடாதா?"

"முட்டி வலி."

"அசுரனுக்குமா முட்டி வலி?"

"எருமைக்கு நாலு முட்டி அம்மா!"

முன்வரிசையில் ஊன்றுகோல் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். மின்தூக்கி ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே நிற்க, மனைவி கையைத் தூக்கினாள். அதன் பிறகே உறுமி உறுமியது. கடைசியில் கதவு திறந்தபோது யாரும் கேட்காமலே வீணை 'டிங்' என்று ஓர் ஒலி கொடுத்தது. ஆசிரியை சிரித்து நான் பார்த்தது அன்றுதான். தோழி குடத்தைத் தட்டிய வேகத்தில் அவர் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. தள்ளிவிடக் கை ஒழியவில்லை.

தலைவர் என்னருகே வந்து குனிந்தார். "அண்ணே, ஆப்ல உறுமி மேளம்னுதானே இருக்கு?"

"ஆமாம். உறுமி மேளம், பக்கவாத்தியங்களோடு." விதியின் எண்ணையும் சொன்னேன். வாயைத் திறந்தவர் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்.

மறுநாள் காலை தோழியை வழியனுப்ப விமான நிலையம் போனோம். குடத்தை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போக மறுத்துவிட்டார். துணிகளுக்கு நடுவே சுற்றி, கைப்பெட்டியிலேயே எடுத்துக்கொண்டார். "மகளுக்குக் கஷ்டமா இருந்தா பக்கத்துல உக்காந்து தட்டுவேன். புள்ள சத்தம் தாங்காம வெளிய வந்துரும்." இருவரும் கட்டிக்கொண்டார்கள். நான் பெட்டிகளை எண்ணுவதுபோல் நின்றேன்.

மற்ற நாட்களும் முடிந்தன. மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் கைப்பேசி ஒலித்தது. பொருளாளர். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, முறையாக, ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல் எழுதியிருந்தார்: "தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. தங்கள் மனைவியாரின் வில்லுப்பாட்டு ஏழாம் நாளின் மூன்றாவது நிகழ்ச்சியாக மீண்டும் சேர்க்கப்பட்டுள்ளது. கலைஞர்களை நேரத்தோடு வந்துவிடச் சொல்லவும்."

மனைவியிடம் படித்துக் காட்டினேன். கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைத்து, அதிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டு, அதைப் பெர்த்துக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். பொருளாளரின் பதில் வந்த அந்த நாள், விஜயதசமி.